விக்கி குழம்பினால் சர்வர் கடிகாரத்தையும் பாருங்கள்

விக்கி தளங்களை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியில் ஓடும் உங்கள் தளத்தில் திருத்தம் சேமித்தும் பழைய பக்கமே தெரிகிறதா? புதிய திருத்தம் வரலாற்றில் பழையதற்குக் கீழே போய் உட்காருகிறதா? உள்நுழைந்த கையோடு வெளியே தள்ளுகிறதா? நீட்சிகளை (விக்கியில் சேர்த்த துணை நிரல்களை) குடைவதற்கு முன், சர்வரில் டேட் கட்டளையைக் கொடுத்து நேரத்தைப் பாருங்கள். 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் இரட்டைச் சரிபார்ப்பு எண்களை விக்கி ஏற்க மறுத்தால், கடிகாரம்தான் தவறு என்ற சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

மீடியாவிக்கி எல்லா நேரத்தையும் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில்தான் சேமிக்கிறது. நேர மண்டல அமைப்பு வெறும் காட்சிக்கு. அதனால் காட்சி நேரம் பொருந்தவில்லை என்று கடிகாரத்தையே நகர்த்தாதீர்கள், சிக்கல் இரட்டிப்பாகும்.

குரோனி மாதிரி ஒரு நேர ஒத்திசைவுச் சேவையை இயக்கினால் கடிகாரம் சரியாகிவிடும். மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் உங்கள் விக்கி இருந்தால் வெளியே உள்ள கணினியில்தான் இதைச் செய்ய வேண்டும். கன்டெய்னருக்கெனத் தனிக் கடிகாரம் கிடையாது.

அப்புறம்தான் பலர் விட்டுவிடும் வேலை. கடிகாரம் முன்னே ஓடியபோது விக்கியின் அமைப்புகள் இருக்கும் லோக்கல்செட்டிங்ஸ் கோப்பைச் சேமித்திருந்தால், அதன் தேதி எதிர்காலத்தில் நிற்கும். வழக்கமான அமைப்பில், அந்தத் தேதிக்கு முந்தைய, வேகத்துக்காக வைத்திருக்கும் தற்காலிகப் பக்க நகல்களையெல்லாம் விக்கி பழையதென்று ஒதுக்கும், தளம் மெதுவாகும். டச் கட்டளையால் கோப்பின் தேதியை இன்றைக்கு மாற்றுங்கள். தரவுத்தளத்தில் எதிர்காலத் தேதியோடு பதிவான திருத்தங்கள் தானாகச் சரியாகாது. அவற்றில் கைவைப்பதென்றால், முதலில் முழு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.