அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப் திறக்கவில்லையா? பார்மட் செய்யும் முன் இதைச் செய்து பாருங்கள்

போன ஐப்பசியில், அடைமழை பிடித்திருந்த ஒரு சாயங்காலம், மன்னார்குடியிலிருந்து அக்கா போன் செய்தார். "தம்பி, பாப்பா லேப்டாப்புல நேத்து ராத்திரி அப்டேட் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நடுவுல கரன்ட் போயிடுச்சு. இப்ப கம்பெனி பேரு வருது, கீழ புள்ளி சுத்துது, அதோட நிக்குது. கடையில பார்மட் பண்ணணும்கிறாங்க." பார்மட் செய்தால் வட்டில் உள்ள எல்லாமே அழிந்துவிடும். பாப்பாவின் இறுதியாண்டு ப்ராஜெக்ட் முழுக்க அந்த லேப்டாப்பில்தான் இருந்தது. யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் கும்பகோணத்தில் பஸ் ஏறினேன்.

அப்டேட் பாதியில் சிக்கினால் பெரும்பாலும் குழம்பிப்போவது விண்டோஸ் மட்டும்தான். உங்கள் படங்களும் பாடங்களும் வட்டில் அப்படியே இருக்கும். அதனால் அவற்றைத் தொடாத வழிகளை முதலில் பார்ப்போம். கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் பொறுமை

திரையில் சதவீத எண் ஓடிக்கொண்டிருந்தால், மெதுவாக ஓடினாலும், அணைக்காதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப்பில் ஒரு பெரிய அப்டேட் இரண்டு மூன்று மணி நேரம்கூட எடுக்கும். வட்டு வேலை செய்வதைக் காட்டும் சின்ன விளக்கு மினுக்கினால் இன்னும் காத்திருங்கள்.

விளக்கே எரியவில்லை, விசிறிச் சத்தமும் இல்லை என்றால் அது பெரும்பாலும் அப்டேட்டின் கோளாறு அல்ல. வேறு பிளக்கில், முடிந்தால் வேறு சார்ஜரில் போட்டுப் பாருங்கள்.

தேங்கிய மின்சாரத்தை வடிய விடுங்கள்

சார்ஜர், மவுஸ், பென்டிரைவ் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் கழற்றுங்கள். பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடித்து விடுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். சில லேப்டாப்கள் இதிலேயே எழுந்துவிடும்.

விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறதா? விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட் மூன்று விசைகளையும் பிடித்துக்கொண்டு பி விசையைத் தட்டுங்கள். இது திரைக்கான டிரைவரை, அதாவது திரையை இயக்கும் மென்பொருளை, மறுபடி தொடங்கவைக்கும்.

நீலத் திரைக்குள் போவது

இதுதான் முக்கியமான படி. லேப்டாப்பை ஆன் செய்து, கம்பெனி பெயர் வந்து புள்ளிகள் சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்தி அணையுங்கள். இன்னொரு முறையும் அப்படியே செய்யுங்கள். மூன்றாவது முறை அணைக்காமல் விட்டால், விண்டோஸ் தானே பழுதுபார்க்கப் போவதாகச் சொல்லி ஒரு நீலத் திரைக்குக் கொண்டுபோகும். வராவிட்டால் இன்னும் ஒருமுறை முயலுங்கள். அங்கே 'ட்ரபிள்ஷூட்', அதற்குள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'.

இந்த இடத்தில், வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க எண்ணைக் கேட்டால் பயப்பட வேண்டாம். லேப்டாப்பை முதன்முதலில் தொடங்கியபோது கொடுத்த மைக்ரோசாப்ட் கணக்கில், போனிலிருந்தே உள்ளே போய்ப் பார்த்தால் அந்த எண் பெரும்பாலும் இருக்கும். பாப்பா போனில் பார்த்து ஆறு ஆறு இலக்கமாக வாசிக்க, நான் தட்டினேன். ஒரு கணக்கில் இரண்டு லேப்டாப் இருந்தால், திரையில் காட்டும் அடையாளக் குறியோடு ஒப்பிட்டு எடுங்கள்.

அப்டேட்டை வெளியே எடுங்கள்

'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வாய்ப்பு வரும். 'குவாலிட்டி அப்டேட்' என்பது மாதாமாதம் வருவது. 'பீச்சர் அப்டேட்' என்பது வருடத்துக்கு ஒருமுறைபோல வரும் பெரியது. அதை வழக்கமாக 10 நாளுக்குள்தான் திரும்பப் பெற முடியும். எது என்று தெரியாவிட்டால் முதலில் குவாலிட்டியை நீக்குங்கள். உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

அது முடியாவிட்டால் அதே பக்கத்தில் 'ஸ்டார்ட்டப் ரிப்பேர்', அப்புறம் விண்டோஸைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் 'சிஸ்டம் ரீஸ்டோர்'. அக்கா வீட்டில் குவாலிட்டியை நீக்க முடியவில்லை என்று வந்தது, ஸ்டார்ட்டப் ரிப்பேரும் கைவிட்டது. அதனால் அடுத்த வேலைக்குப் போனேன்.

கோப்புகளை வெளியே கொண்டுவருவது

பலருக்குத் தெரியாத வழி இது. பென்டிரைவைச் செருகி, அதே பக்கத்தில் 'கமாண்ட் ப்ராம்ப்ட்' திறந்து, ஆங்கிலத்தில் நோட்பேட் என்று தட்டி என்டர் கொடுங்கள். நோட்பேட் திறக்கும். அதில் 'பைல்', 'ஓப்பன்' போய், கீழே 'ஆல் பைல்ஸ்' என்று மாற்றினால் வட்டு முழுக்கத் தெரியும். 'யூசர்ஸ்' போல்டருக்குள் உங்கள் பெயர், அதற்குள் 'டெஸ்க்டாப்', 'டாக்குமென்ட்ஸ்'. வேண்டியதை ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்து, பென்டிரைவுக்குப் போய் பேஸ்ட் செய்யுங்கள். வழக்கமான சி டிரைவ் இங்கே டி என்றோ இ என்றோ தெரியலாம், குழம்ப வேண்டாம். நகலெடுக்கும்போது திரை அசையாமல் நிற்கலாம். கை வைக்காமல் விடுங்கள்.

ப்ராஜெக்ட் போல்டர் பென்டிரைவில் தெரிந்ததும் பாப்பா அதை என் போனில் செருகித் திறந்து, ஒவ்வொரு பைலாகப் பார்த்தாள். அதுவரை அவள் காலையில் வைத்த காபியைத் தொடவில்லை.

இனி ரீசெட்

கோப்புகள் கைக்கு வந்த பிறகுதான் 'ட்ரபிள்ஷூட்' பக்கத்தில், விண்டோஸை மறுபடி நிறுவும் 'ரீசெட் திஸ் பிசி'. அதில் 'கீப் மை பைல்ஸ்' என்பதையே அழுத்துங்கள். கோப்புகள் இருக்கும், ஆனால் நீங்கள் போட்ட மென்பொருள்கள் போய்விடும். டேலி, தமிழ்த் தட்டச்சு எல்லாம் மறுபடி நிறுவ வேண்டும். சார்ஜர் செருகியே இருக்கட்டும். அக்கா வீட்டில் இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்கில் போட்டோம். ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் ஒருமுறை கரன்ட் போய் வந்தது, லேப்டாப் நிற்கவில்லை.

விண்டோஸ் திறந்ததும் செட்டிங்ஸில் 'விண்டோஸ் அப்டேட்' போய், ஐந்து வாரம் வரை அப்டேட்டை நிறுத்திவைக்கலாம். டெல்டாவில் கார்த்திகை வரை மழை விடாது என்பதால் நாங்கள் ஐந்து வாரமும் வைத்தோம். அது முடிந்ததும் வெயில் அடித்த ஒரு பகலில், பேட்டரி நிறைந்த பிறகு பாப்பாவே அப்டேட்டை ஓடவிட்டாள்.