நாடி துடிக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்

காலின் ரத்தக்குழாய் அடைப்பை நீக்கியபின், பாதத்தில் நாடி தட்டுப்பட்டால் எல்லோருக்கும் நிம்மதி. கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம், அதாவது தசை அறைக்குள் அழுத்தம் ஏறித் தசையை நெரிக்கும் நிலை, பெரும்பாலும் தலைகாட்டுவது அதற்கப்புறம்தான். பல மணி நேரம் ரத்தமில்லாமல் கிடந்த தசைக்குள் ரத்தம் திரும்பியதும் தசை வீங்குகிறது. முழங்காலுக்குக் கீழே தசைகள் நான்கு அறைகளில் இருக்கின்றன. அவற்றின் உறை எளிதில் விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி, நுண்குழாய்கள் நசுங்க, தசையும் நரம்பும் சாகத் தொடங்கும். அடைப்பு ஆறு மணி நேரத்துக்கு மேல் நீடித்திருந்தால் அபாயம் கூடுதல்.

முதல் தவறு நாடியை நம்புவது. தமனிக்குள் இருக்கும் அழுத்தம் மிக அதிகம். அறைக்குள் 30, 40 மி.மீ. பாதரசம் ஏறினாலே தசை தவிக்கும், ஆனால் தமனி துடித்துக்கொண்டேதான் இருக்கும். நாடி காணாமல் போகும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

அடுத்தது, வலிக்கு ஊசியைக் கூட்டிக்கொண்டே போவது. ஆபரேஷன் ஆனால் வலிக்கத்தானே செய்யும் என்பது பாதி உண்மை. மருந்துக்கு அடங்காமல் ஏறும் வலி, விரல்களை மெல்ல வளைத்தாலே அலற வைக்கும் வலி, கல்லாய் இறுகிய கெண்டைக்கால் இவை வேறு ரகம். முதுகில் மரப்பு மருந்து ஓடிக்கொண்டிருந்தால் இந்த வலியே தெரியாமல் போகலாம். மயக்கத்தில் இருப்பவரும் சொல்ல மாட்டார். அவர்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே உணர்ச்சி குறைவது நல்ல துப்பு.

வீங்கிய காலைத் தலையணை மேல் உயர்த்துவது நல்லெண்ணத்தில் செய்யும் பிழை. உயர்த்தினால் காலுக்கு வரும் ரத்த அழுத்தம் இன்னும் குறையும். இதயத்தின் மட்டத்தில் வைத்தால் போதும். இறுக்கமான கட்டு இருந்தால் உடனே தளர்த்தச் சொல்லுங்கள்.

தசை அறைக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கும் கருவி உதவும்தான்: ரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணுக்கும் அறை அழுத்தத்துக்கும் இடைவெளி 30-க்குக் கீழே வந்தால் ஆபத்து. ஆனால் அறிகுறிகள் தெளிவாக இருக்கும்போது எண்ணுக்காகத் தாமதிப்பது வீண். உறையைக் கீறித் திறந்துவிட வேண்டும், அதுவும் நான்கு அறைகளையும். முன்னறையை மட்டும் சின்னக் கீறலில் திறந்துவிட்டு நிறுத்துவது அரைகுறை வேலை.

புண்ணைத் தைக்காமல் விட்டதைக் கண்டு உறவினர்கள் பதறுவார்கள். அது வேண்டுமென்றே செய்வது; வீக்கம் வடிந்தபின் தைப்பார்கள், சிலருக்குத் தோல் ஒட்டு வைப்பார்கள். பதற வேண்டியது சிறுநீர் கறுத்தால்: சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும், பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையும் குலைக்கக்கூடும்.