எபெரான் விளையாடப் போகிறீர்களா? புத்தகங்களை இப்படி வாசியுங்கள்

வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டில், ஞாயிறு பின்னேரங்களில், ஐந்து பேராக ஆறு வருடமாய் எபெரான் விளையாடுகிறோம், டிஎம், அதாவது கதையை நடத்துபவர், நான்தான். புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது எந்தப் புத்தகம் வாங்குவது என்று. எனக்கு அந்தப் புத்தகங்கள் மேல் பெரிய பாசமும் இருக்கிறது, தீராத மனக்குறையும் இருக்கிறது, அதனால் வாங்குவதை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

தெரியாதவர்களுக்காக: எபெரான் என்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்கான ஓர் உலகம். மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை எறிந்து கதையை நகர்த்தும் விளையாட்டு அது. 2002இல் விசர்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனம் புது உலகம் தேடிப் போட்டி வைத்தபோது 11,000க்கு மேல் யோசனைகள் வந்தன, கீத் பேக்கருடையது தெரிவானது, 2004இல் முதல் புத்தகம் வெளிவந்தது. கதை இதுதான். கலிஃபார் என்ற பேரரசு உடைந்து அதன் ஐந்து நாடுகளும் நூறு வருடம் அடிபடுகின்றன. அந்த உலகத்துக் கணக்கில் 994ஆம் ஆண்டில் ஒரே நாளில் சைர் என்ற நாடே அழிந்துபோகிறது. யார் செய்தது, எப்படி நடந்தது, ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பயத்தில் 996இல் ஒப்பந்தம் போடுகிறார்கள். ஆட்டம் தொடங்குவது 998இல், போர் முடிந்து இரண்டு வருடத்தில். 2009இல் போர் முடிந்த இலங்கை 2011இல் எப்படி இருந்தது என்று நினைவிருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, நான் இந்த உலகத்துக்குள் விழுந்ததே அந்த இரண்டு வருட இடைவெளியால்தான்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். 2019இல் வந்த 'ரைசிங் ஃப்ரம் த லாஸ்ட் வோர்' ஒன்றே தொடங்கப் போதும். ஆனால் அதை முதல் பக்கத்திலிருந்து வாசிக்காதீர்கள், முன்பக்கங்கள் கேரக்டர், அதாவது விளையாடுபவர் ஏற்கும் பாத்திரம், செய்வதற்கானவை, அவற்றை விளையாடுபவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் நாடுகளைப் பற்றிய பகுதியை வாசியுங்கள், அப்புறம் ஷார்ன் நகரத்தை, பிறகு மோர்ன்லாண்டை, அதாவது அழிந்த சைர் இருந்த நிலத்தை. 320 பக்கத்துக்குள் ஓர் உலகத்தையே அடக்கப் பார்த்திருக்கிறார்கள், அதனால் ஒவ்வொரு நாட்டுக்கும் கிடைப்பது சில பக்கம்தான். ருசி காட்டிவிட்டுத் தட்டை எடுத்த மாதிரி இருக்கும்.

அந்தப் பசிக்குப் பழைய புத்தகங்கள் இருக்கின்றன. 2004இன் 'ஷார்ன்: சிட்டி ஒஃப் டவர்ஸ்' நான் அதிகம் புரட்டியது, நகரத்தைப் பேட்டை பேட்டையாக, கோபுரத்தின் உச்சியில் யார், அடியில் யார் என்று சொல்லும். 2005இன் 'ஃபைவ் நேஷன்ஸ்' நாடுகளுக்கு நல்லது. இரண்டும் பழைய விதிகளுக்கு எழுதப்பட்டவை, எண்கள் இருக்கும் இடமெல்லாம் தாண்டிப் போங்கள், இடமும் ஆட்களும்தான் நமக்கு வேண்டும். வெளிநாட்டிலிருந்து அச்சுப் புத்தகம் எடுப்பித்தால் தபால் செலவே கண்ணைக் கட்டும், பிடிஎஃப் வாங்கி அன்றன்றைக்கு வேண்டிய ஐந்தாறு பக்கத்தை மட்டும் அச்செடுத்து வைப்பது என் வழக்கம். பேக்கர் 2020இல் வெளியிட்ட 'எக்ஸ்ப்ளோரிங் எபெரான்' அருமையானது, ஆனால் ஒரு வருடமாவது விளையாடிய பிறகு வாங்குங்கள்.

இனி மனக்குறை. போரின் வரலாற்றுக்கென்றே 2007இல் 'த ஃபோர்ஜ் ஒஃப் வோர்' வந்தது. ஆசையாகத் திறந்தேன். படைகள், தளபதிகள், எந்தக் கோட்டை எப்போது விழுந்தது என்று போகிறது. சைரிலிருந்து தப்பி வந்த சனங்கள் ஷார்னில் ஹை வோல்ஸ் என்ற பேட்டையில் அடைபட்டுக் கிடக்கிறார்கள் என்று புத்தகங்கள் சொல்கின்றன, ஆனால் அங்கே காலையில் தண்ணீருக்கு எவ்வளவு நேரம் வரிசையில் நிற்கிறார்கள், கடிதம் எந்த முகவரிக்கு வரும், காணாமல்போன மகனை இன்னும் தேடும் தாய் யாரிடம் போய்க் கேட்பாள், இதெல்லாம் இல்லை. எழுதியவர்களுக்கு அகதி என்றால் ஒரு பின்னணி. நமக்கு அப்படி இல்லை.

அதனால் அந்த இடத்தை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். நான் செய்வது, ஹை வோல்ஸில் வரும் ஒவ்வொரு ஆளுக்கும் மூன்று வரி எழுதுவேன்: வரும்போது கையில் என்ன கொண்டுவந்தார், யாருடைய செய்திக்குக் காத்திருக்கிறார், யாரைக் கண்டால் வாயை மூடிக்கொள்வார். எபெரானில் அடையாளப் பத்திரம் உண்டு, சிவிஸ் குடும்பத்து நோம்கள், குள்ள இனத்தவர், முத்திரை வைத்துக் கொடுப்பது. அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

ஒருமுறை ஆட்டத்தில், பாலத்தடியில் காவலாள் ஒருவன் மறிக்கிறான். நான் குரலை மாற்றி, பத்திரத்தை எடு, எங்கே பிறந்தாய் என்று கேட்டேன். சைர்க்காரி கேரக்டர் வைத்திருந்த தங்கச்சி கையில் பகடையை உருட்டிக்கொண்டே இருந்தாள், எறியவில்லை. பிறகு தாளைப் பார்த்தபடி, "அந்த ஊர் இப்ப இல்லை ஐயா" என்றாள். பின்னால் கடற்கரைப் பக்கம் ரயில் போய் முடியும்வரை யாரும் கதைக்கவில்லை. அந்தக் காட்சிக்கு எந்தப் புத்தகத்திலும் பக்கம் கிடையாது, ஆனால் பத்திரம் என்ற ஒன்றை புத்தகம் தந்திராவிட்டால் காட்சியே வந்திருக்காது. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: சோதனைச்சாவடி, காணாமல்போனவர்கள், இவை வரப்போகிற நாளில் தொடங்க முன்னமே எல்லோரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிடுவேன். ஒருவர் வேண்டாம் என்றால் அன்று வேறு கதை. நீங்களும் அப்படியே செய்யுங்கள், இங்கே யார் வீட்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது.

சைர் ஏன் அழிந்தது என்பதை முதல் நாளே முடிவு செய்யாதீர்கள். அதற்கு உத்தியோகபூர்வமான விடை வரவே வராது என்று பேக்கர் பலமுறை சொல்லியிருக்கிறார், விளையாட்டின் விதிகள் மூன்று பதிப்பு மாறியும் ஆட்டம் அதே 998இல்தான் தொடங்குகிறது. இந்த ஒரு விசயத்துக்காகவே மற்ற எல்லாக் குறையையும் நான் மன்னிப்பேன். உங்கள் மேசையில் ஆளுக்கொரு காரணம் சொல்லட்டும், சண்டை பிடிக்கட்டும்.

பெயர்களில் ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் அப்படியே விடுங்கள், கருத்துள்ள பெயரைத் தமிழாக்குங்கள். மோர்ன்லாண்டை நான் துக்கநிலம் என்றுதான் எழுதி வைத்திருந்தேன், நாலாவது ஞாயிறு ஒருவன் வாய்தவறி இழவுநிலம் என்றான், அதுவே நின்றுவிட்டது.

முதல் நாளுக்கு டிராகனும் வேண்டாம், புதையலும் வேண்டாம். ஹை வோல்ஸ் வாசலில் தொடங்குங்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்து, பெயர், பிறந்த ஊர், போரில் இருந்த பக்கம் என்று அவர்களையே நிரப்பச் சொல்லுங்கள், மூன்றாவது கட்டத்தை யாராவது வெறுமையாக விட்டால் கதையை அவரிலிருந்து தொடங்குங்கள்.