படம் திறந்ததும் முழுதாகத் தெரிய: ஆட்டோகேடில் முதல் ஸ்கிரிப்ட்

கணினியில் கட்டடப் படம் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில் ஒரு கோப்பைச் சேமிக்கும்போது திரையில் எது தெரிகிறதோ, அடுத்தவர் திறக்கும்போதும் அதுவே தெரியும். திருகோணமலை உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதிக்குப் படம் வரைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குளியலறைக் கதவின் மூலையைப் பெருப்பித்துத் திருத்திவிட்டு அப்படியே சேமித்து அனுப்பினால், கொழும்பில் அதைத் திறக்கும் பொறியியலாளருக்கு இரண்டு கோடுகளும் ஒரு வளைவும்தான் தெரியும். "தம்பி, படம் வெறுமையா இருக்கே" என்று அழைப்பு வரும். விண்டோஸ் ஃபோல்டரில் தெரிகிற சின்னப் படமும் அந்த மூலையைத்தான் காட்டும்.

அதனால் அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு கோப்பையும் திறந்து, படம் வரையும் மாடல் தாவலுக்கு வந்து, வடக்கை மேலே திருப்பி, முழுப் படமும் தெரியும்படி வைத்துச் சேமிக்கிறோம். தளப்படம், மாடிப்படங்கள், முகப்பு, வெட்டுமுகம், மலக்குழி, மின்னிணைப்பு என்று ஒரு சிறிய கட்டடத்துக்கே கோப்புகள் சேர்ந்துவிடும். திருத்தம் வந்தால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும்.

இந்த வேலையை ஸ்கிரிப்ட் கோப்பிடம் கொடுத்துவிடலாம். புரோகிராமிங் தெரிந்திருக்கத் தேவையில்லை. நீங்கள் விசைப்பலகையில் தட்டுவதை வரிசையாக எழுதி வைத்த வெறும் எழுத்துக் கோப்பு அது, அவ்வளவுதான். வசதிகள் குறைந்த, விலையும் குறைந்த பதிப்பான ஆட்டோகேட் எல்டியிலும் இது ஓடும். எல்டிக்கு ஆட்டோலிஸ்ப் என்ற நிரல்மொழி வந்தது 2024 பதிப்பில்தான். ஸ்கிரிப்ட் அதற்கு வெகு முன்பிருந்தே இருக்கிறது. பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் போன்ற மற்ற வரைபட மென்பொருள்கள் வைத்திருப்பவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

கட்டளைகளை இங்கே ஒலிக்கிறபடியே தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். ஒற்றையாக வரும் இ, எஸ், எஃப், டபிள்யூ எல்லாம் தனி ஆங்கில எழுத்துகள்.

முதலில் கையால் செய்யுங்கள்

நோட்பேடைத் திறக்க அவசரப்பட வேண்டாம். ஏதாவது ஒரு படத்தின் நகலைத் திறந்து, மவுஸைத் தொடாமல், கட்டளை வரியில் மட்டும் வேலையைச் செய்து பாருங்கள். ஜூம் என்று தட்டி என்டர் அழுத்தினால் அது பல தெரிவுகளைக் கேட்கும். இ தட்டி என்டர் அழுத்தினால் படம் முழுதாக விரியும். கட்டளை என்ன கேட்டது, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எஃப்2 விசையை அழுத்தினால் நடந்த உரையாடல் முழுவதும் ஒரு சாளரத்தில் தெரியும். உங்கள் ஸ்கிரிப்ட்டின் முக்கால்வாசி அங்கேயே இருக்கிறது.

லேயர் (படத்தின் கோடுகளை வகைவகையாகப் பிரித்து வைக்கும் அடுக்கு) என்று தட்டினால் மட்டும் ஒரு பெட்டி திறந்துகொள்ளும். ஸ்கிரிப்ட்டால் பெட்டிக்குள் க்ளிக் செய்ய முடியாது. கட்டளைக்கு முன்னால் ஒரு சிறு கோடு போட்டால், அதாவது -லேயர் என்று தட்டினால், பெட்டி வராமல் கேள்விகள் கட்டளை வரியிலேயே வரும். பெட்டி திறக்கும் கட்டளை எதுவானாலும் முதலில் இந்தக் கோட்டைப் போட்டுப் பாருங்கள்.

எழுதுவது

இப்போது நோட்பேட். ஒரு வரியில் ஒரு பதில் மட்டும்:

டைல்மோட்
1
யூசிஎஸ்
டபிள்யூ
பிளான்
டபிள்யூ
ஜூம்
இ
ஜூம்
0.95எக்ஸ்
கியூசேவ்

முதல் இரண்டு வரிகள் மாடல் தாவலுக்குக் கொண்டுபோகும். அடுத்த இரண்டும் ஆள்கூற்று அச்சுகளைப் பழைய நிலைக்கு மீட்கும். கட்டடம் நேராகத் தெரிய வேண்டும் என்று படத்தைத் திருப்பி வைத்து வரைபவர்கள் நிறையப் பேர். பிளான் கட்டளை அந்தத் திருப்பத்தை நீக்கி வடக்கை மறுபடி மேலே கொண்டுவரும். ஜூம் இ முழுப் படத்தையும் காட்டும், ஆனால் கோடுகள் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். 0.95எக்ஸ் கொஞ்சம் பின்வாங்கி நாலு பக்கமும் இடம் விடும். கடைசி வரி கேள்வி கேட்காமல் சேமிக்கும்; கியூ எழுத்தும் சேவ் என்ற சொல்லும் சேர்ந்தது அது.

ஸ்கிரிப்ட் கோப்பில் இடைவெளிக்கும் என்டருக்கும் பெரும்பாலும் ஒரே அர்த்தம். ஆகவே ஜூம் இ என்று ஒரே வரியில் எழுதினாலும் வேலை செய்யும். இணையத்தில் கிடைக்கிற ஸ்கிரிப்ட்டுகள் பலவும் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் லேயர் பெயர் போன்றவற்றில் இடைவெளியும் பெயரின் பகுதியாக எடுத்துக்கொள்ளப்படும்; அங்கே இடைவெளி என்டராக வேலை செய்யாது. எது எங்கே என்று நினைவில் வைப்பதைவிட வரிக்கு ஒரு பதில் எழுதுவது நிம்மதி.

வெற்று வரிதான் புதியவர்களை அதிகம் படுத்துவது. கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று நடுவில் ஒரு வரி விட்டால், ஆட்டோகேடுக்கு அது ஒரு என்டர். கட்டளை எதுவும் ஓடாத நேரத்தில் என்டர் அழுத்தினால் கடைசிக் கட்டளை திரும்பத் தொடங்கும், இல்லையா? அதேதான் இங்கும் நடக்கும். கடைசி ஜூமுக்கும் கியூசேவுக்கும் நடுவில் ஒரு வெற்று வரி இருந்தால் ஜூம் மறுபடி தொடங்கி, கியூசேவ் என்ற சொல்லை ஜூமுக்கான பதிலாக வாங்கிக்கொண்டு, "செல்லாது" என்று சொல்லும். படம் சேமிக்கப்படாது. வரிகளைப் பிரித்துக் காட்டத்தான் வேண்டும் என்றால் அரைப்புள்ளியில் தொடங்கும் குறிப்பு வரி எழுதுங்கள்; அதை ஆட்டோகேட் கண்டுகொள்ளாது.

கடைசி வரிக்குப் பிறகு மட்டும் ஒரு என்டர் கட்டாயம். இல்லாவிட்டால் கியூசேவ் கட்டளை வரியில் எழுதப்பட்டு, யாராவது என்டர் அழுத்தட்டும் என்று காத்துக்கொண்டிருக்கும்.

சேமிப்பதும் ஓட்டுவதும்

நோட்பேடில் சேமிக்கும்போது கோப்பு வகையை "எல்லாக் கோப்புகளும்" என்று மாற்றி, பெயரை வியூ.எஸ்சிஆர் என்று கொடுங்கள். வகையை மாற்றாமல் விட்டால் அது வியூ.எஸ்சிஆர்.டிஎக்ஸ்டி ஆகிவிடும், விண்டோஸ் வால்பகுதியை மறைத்துவிடுவதால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

விண்டோஸில் ஸ்கிரீன் சேவருக்கும் இதே எஸ்சிஆர்தான் வால்பகுதி. ஆகவே திருத்துவதற்காகக் கோப்பை இரட்டைக் க்ளிக் செய்யாதீர்கள். நோட்பேடுக்குள் இருந்தே திறவுங்கள்.

ஓட்டுவதற்கு, படத்தின் நகலைத் திறந்து ஸ்கிரிப்ட் என்று தட்டி, கோப்பைத் தெரிவு செய்தால் போதும். கோப்பை இழுத்துவந்து வரைபரப்பில் போட்டாலும் ஓடும். இடையில் நிறுத்த எஸ்கேப், விட்ட இடத்திலிருந்து தொடர ரெஸ்யூம். ஏதாவது பிசகினால் எஃப்2 சாளரத்தில் கடைசியாக என்ன கேட்கப்பட்டது என்று பாருங்கள். காரணம் அங்கே கிடைக்கும்.

ஜூம் இ காட்டும் வெறுமை

சில படங்களில் ஸ்கிரிப்ட் சரியாக ஓடும், ஆனால் திரையில் ஒன்றும் இருக்காது. உற்றுப் பார்த்தால் கீழே இடது மூலையில் ஒரு புள்ளி, மேலே வலது மூலையில் ஒரு புள்ளி. நமது பக்கம் நில அளவைப் படத்தின் மேல் கட்டடம் வரைபவர்கள் எல்லோரும் இதை ஒருநாள் பார்ப்பார்கள்.

இலங்கையின் எஸ்எல்டி99 ஆள்கூற்று முறையில் பீதுருதாலகால மலைக்குக் கிழக்கு மதிப்பும் வடக்கு மதிப்பும் 500,000 மீற்றர் என்று வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து கணக்குப் போட்டால் உப்புவெளிக் காணி ஒன்று கிழக்கில் சுமார் 549,000, வடக்கில் சுமார் 677,000 என்ற இடத்தில் வந்து விழும். அந்தப் படத்தில் யாராவது ஒரு திசைக்குறியையோ வெறும் எழுத்தையோ 0,0 புள்ளியில் தவறவிட்டிருந்தால், காணிக்கும் அதற்கும் இடைத்தூரம் 870 கிலோமீற்றர். இலங்கையின் முழு நீளமே ஏறத்தாழ 430 கிலோமீற்றர்தான். ஜூம் இ இரண்டையும் ஒரே திரைக்குள் அடக்கப் பார்க்கிறது. உங்கள் பத்துப் பேர்ச் காணி அதில் எங்கே தெரியப்போகிறது?

0,0 பக்கம் போய் அங்கே கிடப்பதை வளைத்துப் பிடித்து அழிப்பதுதான் முறையான தீர்வு. அது அழிக்கக்கூடாத ஒன்று என்றால், அது இருக்கும் லேயரை உறையவையுங்கள். உறைந்த லேயரை ஜூம் இ கணக்கில் எடுக்காது. வெறுமனே அணைத்து வைத்த லேயரை எடுக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் மண்டையை உடைப்பவர்கள் உண்டு.

எல்லைகளை நேரடியாகச் சொல்லிவிடுவது இன்னொரு வழி. ஐடி கட்டளையை மூலைக்கு ஒருமுறை தட்டி, காணியின் இரண்டு எதிர் மூலைகளையும் க்ளிக் செய்தால் ஆள்கூறுகள் கிடைக்கும். பிறகு ஸ்கிரிப்ட்டில் ஜூம் இ வரிகளுக்குப் பதில்:

ஜூம்
டபிள்யூ
548950,676950
549050,677050

காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடக்கூடாது. இது ஒரே காணியின் எல்லாப் படங்களுக்கும் பொருந்தும். அடுத்த காணிக்கு எண்களை மாற்ற வேண்டும். முழுப் படமும் தெரிவதே பயனில்லாத இடங்களிலும் இந்த வடிவம் கைகொடுக்கும். திருகோணமலைச் சீனன்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 பரந்து கிடக்கின்றன. அப்படியொரு தளப்படத்தில் ஒரு தாங்கியின் குழாய் இணைப்பைத்தான் பார்க்கச் சொல்லி அனுப்புகிறீர்கள் என்றால், 99 சிறு வட்டங்களைக் காட்டி என்ன பயன்?

லேயரை மறைத்து அனுப்ப

உங்கள் துணைக்கோடுகள் வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டாம் என்றால், கியூசேவுக்கு முன் இதைச் சேருங்கள்:

-லேயர்
எஸ்
0
எஃப்
செட்டிங்அவுட்

செட்டிங்அவுட் இருக்கும் இடத்தில் உங்கள் லேயரின் பெயரை எழுதுங்கள். அதற்குப் பிறகு ஒரு வெற்று வரி இங்கே வேண்டும். அதுதான் -லேயர் கட்டளையை முடிக்கும். முதலில் 0 லேயருக்கு மாறுவது எதற்கு? நடப்பு லேயரை உறையவைக்க ஆட்டோகேட் விடாது.

அச்சிடும் தாளை அமைக்கும் லேஅவுட் தாவலில் ஜூம் செய்யும்போது மட்டும் கவனம். யாராவது வியூபோர்ட்டுக்குள், அதாவது தாளில் மாடலைக் காட்டும் சட்டத்துக்குள், இரட்டைக் க்ளிக் செய்துவிட்டு வெளியே வராமல் சேமித்திருந்தால், ஜூம் இ அந்த வியூபோர்ட்டின் 1:100 அளவைக் கலைத்துவிடும். ஆகவே லேஅவுட்டில் ஜூமுக்கு முன் பிஸ்பேஸ் என்ற வரி கட்டாயம். பி எழுத்தும் ஸ்பேஸ் என்ற சொல்லும் சேர்ந்தது அது. வியூபோர்ட்டுகளைப் பூட்டி வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

ஃபோல்டர் முழுவதற்கும்

ஸ்கிரிப்ட் ஒரு கோப்பைத் திறந்து, வேலையை முடித்து, மூடிவிட்டு அடுத்ததற்குப் போகும். ஒவ்வொரு படத்துக்கும் வடிவம் இது (நடுவில் உள்ள ஜூம் வரிகளோடு மேலே எழுதிய மற்ற வரிகளையும் சேர்த்துக்கொள்ளலாம்):

ஓபன்
"டி:\உப்புவெளி\தளப்படம்.டிடபிள்யூஜி"
ஜூம்
இ
கியூசேவ்
க்ளோஸ்

பாதையில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோள்குறி கட்டாயம். அந்தப் பாதைகளைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஃபோல்டரில் படங்கள் எல்லாவற்றையும் தெரிவு செய்து, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி வலது க்ளிக் செய்தால் "பாதையாக நகலெடு" என்ற பொருளில் ஒரு தெரிவு வரும். அதை எடுத்து நோட்பேடில் ஒட்டினால் ஒவ்வொரு பாதையும் மேற்கோள்குறியோடு தனி வரியில் விழும். பாதைகளுக்கு நடுவே மற்ற வரிகளை நகலெடுத்து ஒட்டிக்கொண்டே போகலாம். ஒரு ஸ்கிரிப்ட்டுக்குள்ளிருந்து இன்னொன்றை அழைத்துவிட்டுத் திரும்பி வர முடியாது. அழைத்த இடத்தில் முதலாவது முடிந்துவிடும். அதனால் வரிகள் நீளத்தான் செய்யும், பரவாயில்லை.

ஓட்டுவதற்கு முன் புதிய வெற்றுப் படம் ஒன்றைத் திறந்து அதிலிருந்து தொடங்குங்கள். பட்டியலில் உள்ள படம் எதுவும் வேறொரு கணினியில் திறந்திருக்கக் கூடாது. ஒரே ஃபோல்டரைப் பகிரும் அலுவலகங்களில் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் இங்கேதான் நின்றுபோகும். படத்தின் பெயரிலேயே டிடபிள்யூஎல் என்ற வால்பகுதியோடு ஒரு மறைகோப்பு இருந்தால், யாரோ அதைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

முழு ஆட்டோகேட் வைத்திருப்பவர்களுக்கு, படங்களைத் திரையில் திறக்காமலே ஸ்கிரிப்ட்டை ஓட்டும் அக்கோர்கன்சோல் என்ற கருவி 2013 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. எல்டியில் இல்லை. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

அப்புறம், உங்கள் ஸ்கிரிப்ட்டை நண்பருக்கு அனுப்புவதாக இருந்தால் எஸ்சிஆர் கோப்பாக இணைக்காதீர்கள். ஸ்கிரீன் சேவர் என்ற போர்வையில் வைரஸ் பரவும் வழி அது என்பதால் ஜிமெயில் ஏற்காது. வால்பகுதியை டிஎக்ஸ்டி என்று மாற்றி அனுப்பி, அங்கே போனதும் பழையபடி எஸ்சிஆர் ஆக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.