வக்கீலாக இருந்துகொண்டே கட்சி தொடங்கி சட்டமன்றத் தேர்தலில் நிற்க

கட்சி தொடங்கிய 30 நாளுக்குள் பதிவு விண்ணப்பம் தேர்தல் ஆணையத்திடம் போயிருக்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 29ஏ வைத்த கெடு இது. மாநாடு நடத்திவிட்டுக் காகிதம் தேடுகிறவர்கள் இங்கேயே கோட்டை விடுகிறார்கள். கட்சி விதிகள், 100 உறுப்பினர்களின் வாக்காளர் பட்டியல் சான்று நகல், வேறு கட்சியில் இல்லை என்று அவர்கள் தரும் பிரமாணப் பத்திரங்கள், 10,000 ரூபாய் டி.டி. எல்லாம் கைக்கு வந்தபின் தொடக்க நாளைக் குறியுங்கள். 120 பேரிடம் வாங்கி வைப்பது நல்லது. பழைய கட்சியிலிருந்து விலகாமலே வந்த நாலு பேர் நிச்சயம் இருப்பார்கள்.

விதிகளை எழுதும்போது வக்கீல் புத்தி குறுக்கே வரும். அரசியலமைப்பு, சோஷலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகியவற்றுக்கு உறுதி சொல்லும் 29ஏ(5) வாசகத்தை மெருகேற்றப் பார்க்காதீர்கள். சட்டத்தில் உள்ளபடியே அச்சிடுங்கள். ஐந்தாண்டுக்குள் தேர்தலில் நிற்போம் என்ற வரியும் வேண்டும். 2019 முதல் எதிலும் நிற்காத 334 கட்சிகளை 2025 ஆகஸ்டில் ஆணையம் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டது.

அடுத்த தலைவலி சின்னம். பதிவாகியும் போதிய வாக்கு வாங்கி அங்கீகாரம் பெறாத கட்சிக்குப் பொதுச் சின்னம், அதாவது எல்லா வேட்பாளருக்கும் ஒரே சின்னம், வேண்டுமானால் 5 சதவீதத் தொகுதிகளிலாவது நிற்க வேண்டும். தமிழ்நாட்டின் 234க்கு அது 12. முந்தி விண்ணப்பித்தவருக்கே சின்னம். 2024இல் நாம் தமிழர் 'கரும்பு விவசாயி'யை இழந்து 'மைக்'கில் நின்றது இதனால்தான். சட்டமன்றத்தின் காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

வேட்புமனுவுக்கு அதே தொகுதி வாக்காளர்கள் 10 பேர் முன்மொழிய வேண்டும். தெருவுக்கு அந்தப் பக்கம் வேறு தொகுதியாக இருக்கும், வாக்காளர் பட்டியலில் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் ஒவ்வொருவருக்கும் பாருங்கள். சொத்து, வழக்கு விவரம் சொல்லும் பிரமாணப் பத்திரமான படிவம் 26இல் எந்தக் கட்டத்தையும் வெறுமனே விடக் கூடாது, 'இல்லை' என்றாவது எழுதுங்கள். இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி தரும் படிவம் ஏ, பி இரண்டிலும் மையில் கையெழுத்து வேண்டும். ரப்பர் ஸ்டாம்ப் செல்லாது. டெபாசிட் 10,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளருக்குப் பாதி. செல்லுபடியான வாக்கில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் அது போச்சு.

அரசு வழக்கறிஞர் பொறுப்பில் இருந்தால் மனுவுக்கு முன்பே விலகிவிடுங்கள். அரசிடம் பலன் பெறும் ஆதாயப் பதவி என்று மனு பரிசீலனையில் ஆட்சேபம் கிளம்பும். ஜெயித்தபின் எம்.எல்.ஏ.வாக இருந்துகொண்டே நீதிமன்றத்தில் வாதாடத் தடையில்லை, 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. செலவுக் கணக்கை மட்டும் முடிவு வந்த 30 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். தோற்றவர்களும்தான்: தவறினால் மூன்றாண்டு தகுதி நீக்கம்.