குழந்தை இருக்கும் வீட்டுக்குக் காப்பக நாயைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நாய் தத்தெடுக்க முதன்முறையாகக் காப்பகத்துக்கு வருபவர்கள், பெரும்பாலும் குட்டிகள் இருக்கும் பக்கமே நேராகப் போகிறார்கள். குட்டியும் குழந்தையும் ஒன்றாக வளரட்டும் என்ற ஆசை இயல்பானதுதான். ஆனாலும், சிறு குழந்தை இருக்கும் வீட்டுக்கு, குணம் படிந்துவிட்ட, இரண்டு மூன்று வயதான நாயே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும் 4 முதல் 6 மாதப் பருவத்தில் குட்டி எதையும் கடித்துப் பார்க்கும். ஓடும் குழந்தையின் கணுக்காலும் அதற்குத் தப்பாது. வளர்ந்த நாயிடம், அது எப்படிப்பட்டது என்பதை அழைத்துவரும் முன்பே பெருமளவு அறிந்துகொள்ளலாம்.

படி 1: வீட்டில் பேசி முடியுங்கள். உணவு வைப்பது, காலையும் மாலையும் வெளியே அழைத்துச் செல்வது, மருத்துவச் செலவு ஆகிய மூன்றுக்கும் பெரியவர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். "குழந்தை பார்த்துக்கொள்ளும்" என்று எண்ணி நாயை அழைத்து வராதீர்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

படி 2: முதல் முறை குழந்தை இல்லாமல் செல்லுங்கள். குழந்தை ஒரு நாயைக் கைகாட்டிவிட்டால், அதன்பின் நிதானமாகத் தேர்ந்தெடுக்க முடியாது. அந்த நாய் எங்கிருந்து வந்தது, ஏன் விடப்பட்டது, இதற்குமுன் குழந்தைகளோடு இருந்ததா, யாரையாவது கடித்ததுண்டா என்று தினமும் அதற்குச் சோறு வைக்கும் ஊழியரிடம் கேளுங்கள். அலுவலகப் பதிவேட்டில் இல்லாத பல செய்திகள் அவருக்குத் தெரியும். காதின் ஓரத்தில் சிறிய வெட்டு இருந்தால், அது கருத்தடை செய்யப்பட்ட தெருநாய் என்பதற்கான அடையாளம். அதைக் காயம் என்று எண்ண வேண்டாம். நம் ஊர் வெயிலுக்குக் குட்டை முடியுள்ள நாட்டு நாய்கள் நன்றாகப் பொருந்தும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை இனங்களுக்குத் தினமும் ஓடியாட இடம் வேண்டும் என்பதால், அடுக்குமாடி வீட்டினர் யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

படி 3: குழந்தையையும் நாயையும் சந்திக்க வையுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். இதற்கு வெவ்வேறு நாட்களில் குறைந்தது இரண்டு மூன்று முறையாவது சென்றுவர வேண்டும். குழந்தை நாயை நோக்கிப் போகக்கூடாது. பக்கவாட்டில் திரும்பி அமைதியாக உட்காரச் சொல்லுங்கள். நாய் தானாக வரட்டும். வந்தால், கழுத்தின் பக்கத்திலோ மார்பிலோ மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். நாய் மீண்டும் நெருங்கி உரசினால் அதற்குப் பிடித்திருக்கிறது. நகர்ந்துவிட்டால் போதும் என்கிறது. வாலை ஆட்டுவதெல்லாம் மகிழ்ச்சி அல்ல. உடல் விறைத்திருக்க, வால் மட்டும் உயர்ந்து வேகமாக ஆடினால் எச்சரிக்கையாக இருங்கள்.

நாங்கள் முதலில் விரும்பிய நாய், என் மகள் தடவியபோது கொட்டாவி விட்டது. உதட்டை நக்கிக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்குத் தூக்கம் வருகிறது என்றே நான் நினைத்தேன். அருகில் நின்ற ஊழியர் அம்மா, "போதும் பாப்பா, கையை எடுத்துக்கோ" என்றார். கொட்டாவி, உதடு நக்குதல், கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரப்பார்வை பார்த்தல் ஆகியவை, நாய் சங்கடப்படுவதைக் காட்டும் அறிகுறிகள் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். இரண்டாம் வாரம் நாங்கள் தேர்ந்தெடுத்த பழுப்பு நிறப் பெண் நாய், மகளின் மடியருகே தானாக வந்து படுத்தது.

உணவுத் தட்டின் அருகே ஆள் வந்தால் அந்த நாய் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் ஊழியரிடமே கேட்டறியுங்கள். நீங்களோ குழந்தையோ தட்டில் கைவைத்துச் சோதிக்க வேண்டாம்.

படி 4: உடல்நலச் சான்றுகளைப் பாருங்கள். வெறிநோய்த் தடுப்பூசி, பார்வோ (கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் வைரஸ் நோய்) உள்ளிட்ட நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை ஆகியவற்றின் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். உண்ணி கடிப்பதால் நாய்களுக்கு வரும் உண்ணிக் காய்ச்சல் இங்கே பரவலாக இருப்பதால், கால்நடை மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்வது நல்லது. தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும், பல்லோ நகமோ பட்டுக் காயமானால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமமும் பெற வேண்டும்.

படி 5: முதல் வாரங்கள். நாய்க்கென ஓர் ஒதுக்குப்புறமான மூலையைக் கொடுங்கள். அது உண்ணும்போதும் உறங்கும்போதும் குழந்தை அருகே போகக்கூடாது. பெரியவர் பார்வையில் இல்லாதபோது இருவரையும் தனியாக விடக்கூடாது. நாய் உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் என்பது கடிப்பதற்கு முன் அது தரும் எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கக்கூடும். புது வீட்டில் முழுமையாகப் பழக மூன்று மாதம்கூட ஆகலாம். அதன்பிறகும் ஒத்துவரவில்லை என்றால் காப்பகத்திலேயே திரும்ப ஒப்படையுங்கள், தெருவில் விட்டுவிடாதீர்கள். திரும்பப் பெற்றுக்கொள்வார்களா என்பதைத் தத்தெடுப்புப் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுங்கள்.