பேஸ்பால் வானொலி வர்ணனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலின் ஆட்டம் ஒன்று முதன்முதலாக வானொலியில் ஒலித்தது 1921 ஆகஸ்ட் 5 அன்று. பிட்ஸ்பர்க் நகரின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் பைரேட்ஸும் ஃபில்லீஸும் மோதிய ஆட்டத்தை கேடிகேஏ நிலையத்துக்காக ஹெரால்டு ஆர்லின் வர்ணித்தார். நூறு ஆண்டுகள் கடந்தும் வர்ணனையாளர்கள் சறுக்கும் இடங்கள் அதிகம் மாறவில்லை. தன் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கேட்பவருக்கும் தெரிகிறது என்று நினைத்துவிடுவதுதான் முக்கால்வாசித் தவறுகளுக்கு வேர்.

ஸ்கோரைச் சொல்லாமல் விடுவது

புதியவர்கள் செய்யும் முதல் தவறு இது. அனுபவசாலிகளும் இதிலிருந்து தப்புவதில்லை. காரில் ஏறி இப்போதுதான் ரேடியோவைப் போட்டவருக்கு முதலில் வேண்டியது, யார் எத்தனை ரன், எத்தனையாவது இன்னிங்ஸ் என்பது. அதற்காக அவர் ஐந்து நிமிடம் காத்திருக்க மாட்டார். புரூக்ளின் டாட்ஜர்ஸின் வர்ணனையாளர் ரெட் பார்பர், மூன்று நிமிட மணல்கடிகாரம் ஒன்றைத் தன் முன்னால் வைத்திருந்தார். மணல் இறங்கி முடிந்ததும் ஸ்கோரைச் சொல்வார், கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்.

கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஓவர் முடிந்ததும் ஸ்கோர் சொல்வது அங்கே தானாக வந்துவிடும். பேஸ்பாலில் அப்படி ஒரு நிறுத்தம் கிடையாது. அதனால் ஒவ்வொரு பேட்டரும் களமிறங்கும்போது ஐந்து விஷயங்களைச் சேர்த்துச் சொல்லப் பழக வேண்டும்: ஸ்கோர், இன்னிங்ஸ், எத்தனை அவுட், எந்தெந்த பேஸில் (ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய இடங்கள்) ரன்னர், பேட்டர் யார். ஒவ்வொரு பிட்சுக்கும், அதாவது பிட்சர் எறியும் ஒவ்வொரு பந்துக்கும், பிறகு கவுண்ட், அதாவது பால், ஸ்ட்ரைக் எண்ணிக்கை. பேட்டர் அடிக்க முயலாமல் விட்ட, எல்லைக்கு வெளியே போன பந்து பால்; எல்லைக்குள் வந்ததோ, அவர் மட்டை வீசித் தவறவிட்டதோ ஸ்ட்ரைக். அதில் பால்தான் முதலில், ஸ்ட்ரைக் பிறகு. இரண்டு பால், ஒரு ஸ்ட்ரைக் என்றால் "இரண்டு-ஒன்று". இதை மாற்றிச் சொன்னால் பேட்டருக்குச் சாதகமான நிலைமை பிட்சருக்குச் சாதகமாகக் கேட்கும்.

முடிவை முதலில் சொல்வது

பந்து மட்டையில் பட்டதும் வர்ணனையாளர் கத்துகிறார்: "ஆஹா! அருமையான டபுள் ப்ளே!" ஒரே அடியில் இருவரை அவுட்டாக்குவதுதான் டபுள் ப்ளே. ஆனால் கேட்பவருக்கு எதுவும் தெரியவில்லை. பந்து எங்கே போனது, யார் எடுத்தது, எந்த பேஸில் யார் அவுட், ஒன்றும் கிடைக்கவில்லை. அதையே நடந்த வரிசையில் சொல்லிப் பாருங்கள் (ஷார்ட்ஸ்டாப் என்பவர் இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு இடையில் நிற்கும் ஃபீல்டர்):

"அடித்தார், தரையோடு உருளும் பந்து, ஷார்ட்ஸ்டாப்புக்கு இடப்பக்கம். எடுத்தார். இரண்டாம் பேஸுக்கு, ஒன்று. முதல் பேஸுக்கு எறிகிறார், இரண்டு! டபுள் ப்ளே. இன்னிங்ஸ் முடிந்தது."

பந்து எப்படிப் போகிறது (உருண்டா, நேர்கோட்டிலா, உயரத்திலா), எந்தத் திசையில், எடுப்பது யார், எறிவது எங்கே, முடிவு என்ன. இந்த வரிசை மாறக் கூடாது. ஷார்ட்ஸ்டாப்பின் பெயரும், அவர் டைவ் அடித்த அழகும், அவர் இந்த சீசனில் செய்த பிழைகளும் முடிவு தெரிந்த பிறகு வரட்டும். அதற்கு வேண்டிய நேரம் பேஸ்பாலில் தாராளமாகக் கிடைக்கும்.

பிட்சை வர்ணிக்கும்போதும் சொல் சிக்கனம் வேண்டும். பிட்சரின் மேட்டிலிருந்து, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலம். வேகமான பந்து அந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 0.4 நொடி போதும். "எறிகிறார்... வெளியே. பால் இரண்டு" என்பதற்கு மேல் நீட்டினால் ஆட்டம் உங்களை முந்திவிடும்.

பந்தைப் பார்த்து ஹோம் ரன் என்று முழங்குவது

வர்ணனை அறை ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், உயரத்தில் இருக்கிறது. உயரக் கிளம்பும் எந்தப் பந்தும் அங்கிருந்து பார்த்தால் வேலியைத் தாண்டி ஹோம் ரன் ஆகப் போவதுபோலவே தெரியும். ஏமாற்றுவது இந்தக் கோணம்தான். பந்து கிளம்பிய மறுநொடியே பார்வை, வேலிப் பக்கம் தொலைவில் நிற்கும் அவுட்ஃபீல்டரிடம் போக வேண்டும். அவர் முதுகைக் காட்டி ஓடுகிறாரா, பக்கவாட்டில் நிதானமாக நகர்கிறாரா, வேலிக்கு முன்னால் உள்ள மண் தடத்தை எட்டிவிட்டாரா, அல்லது நின்ற இடத்திலேயே தலையைத் தூக்கிப் பார்க்கிறாரா? பந்தின் கதி அவருக்குத்தான் முதலில் தெரியும். அவரைப் பின்தொடர்ந்து சொன்னால் தவறும் நேராது, பதற்றமும் தானாகவே ஏறும்: "பின்னால் போகிறார், மண் தடம் வரை, வேலியில் முதுகு, நிமிர்ந்து பார்க்கிறார், போய்விட்டது!"

மைதானங்களையும் தனித்தனியாகப் படித்துவைத்திருக்க வேண்டும். பாஸ்டன் ஃபென்வே பார்க்கின் இடப்புறச் சுவர் 37 அடி உயரம், ஆனால் ஹோம் பிளேட்டிலிருந்து தூரம் சுமார் 310 அடிதான். மற்ற மைதானங்களில் சாதாரண கேட்ச்சாக முடியும் உயரப் பந்து இங்கே சுவரைத் தாண்டிவிடும். வேறெங்கும் ஹோம் ரன் ஆகும் தாழ்வான அடியோ சுவரில் மோதித் திரும்பும். டென்வர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் உயரத்தில் இருப்பதால் அங்கே பந்து கூடுதல் தூரம் பறக்கும். சிகாகோ ரிக்லி ஃபீல்டில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்காமல் மைக் முன் உட்காரவே கூடாது.

கோட்டை ஒட்டி விழும் பந்துக்கும், அவுட்ஃபீல்டர் சரிந்து பிடித்த பந்துக்கும் அம்பயரின் கையைப் பார்த்த பிறகே தீர்ப்பு. அதுவரை "பிடித்தாரா?" என்று கேள்வியாகவே விடலாம், தவறில்லை. 2014 முதல் வீடியோ மறுஆய்வு விரிவாக்கப்பட்டிருப்பதால், அம்பயர் சொன்னதும்கூட மாறலாம்.

கூட்டத்தின் குரலை மூடுவது

பெரிய தருணத்தில் பெரிய வசனம் பேச வேண்டும் என்ற ஆசை பலரையும் கெடுக்கிறது. முந்தைய இரவே எழுதிவைத்த வரி, எழுதிவைத்ததுபோலவே கேட்கும். டாட்ஜர்ஸுக்காக 1950 முதல் 2016 வரை 67 சீசன்கள் பேசிய வின் ஸ்கல்லி இதற்கு நேர் எதிர். 1974 ஏப்ரல் 8 அன்று அட்லாண்டாவில் ஹேங்க் ஆரன் 715-வது ஹோம் ரன்னை அடித்து பேப் ரூத்தின் சாதனையைத் தாண்டியபோது, பந்து போனதைச் சொல்லிவிட்டு அமைதியானார். சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் உலகத் தொடரின் 1988-ஆம் ஆண்டு முதல் ஆட்டத்தில், சரியாக நடக்கவும் முடியாத கிர்க் கிப்சன் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்தபோது, தொலைக்காட்சியில் ஒரு நிமிடத்துக்கும் மேல் ஸ்கல்லி வாய் திறக்கவில்லை. ஆர்ப்பரிப்புதான் ஒலித்தது.

வானொலியில் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மௌனத்துக்கு முன்னால் முடிவைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். பந்து போய்விட்டது, இத்தனை ரன், ஆட்டம் முடிந்தது என்று சொல்லிவிட்டு அமைதியானால் அந்த இரைச்சலுக்கு அர்த்தம் இருக்கும். இல்லையென்றால் அது வெறும் இரைச்சல். கூட்டத்தின் ஒலியை எடுக்கும் மைக் போதிய அளவில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று ஆட்டத்துக்கு முன்பே ஒலிப்பதிவாளரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் தெரியாமல் கதை தொடங்குவது

இரண்டு அவுட் ஆன பிறகு நீளமான கதையைத் தொடங்காதீர்கள். அடுத்த பிட்சிலேயே மூன்றாவது அவுட் விழுந்து இன்னிங்ஸ் முடியலாம், கதை விளம்பரத்துக்கு அந்தப் பக்கம் தொங்கிக்கொண்டு நிற்கும். யாரும் அவுட் ஆகாமல், பேஸ்களும் காலியாக இருக்கும் நேரமே கதைக்கு உகந்தது.

2023-ல் பிட்ச் கடிகாரம் (பந்தை எறிய நேர வரம்பு) வந்த பிறகு இது இன்னும் கடினமாகிவிட்டது. பேஸ்கள் காலியாக இருந்தால் பிட்சருக்கு 15 நொடிதான். ரன்னர் இருந்தால் அந்த ஆண்டு 20, 2024 முதல் 18. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி நீளம் அந்த ஒரே ஆண்டில் சுமார் 24 நிமிடம் குறைந்தது. ஆகவே கதையை இரண்டு மூன்று வாக்கியத் துண்டுகளாக வெட்டிவைத்துக்கொள்ள வேண்டும். எந்தத் துண்டோடு நிறுத்தினாலும் முழுமையாகக் கேட்க வேண்டும். புள்ளிவிவரமும் அப்படியே: ஒரு பேட்டருக்கு ஓர் எண், மிஞ்சினால் இரண்டு. மட்டையிலிருந்து பந்து எத்தனை மைல் வேகத்தில் கிளம்பியது என்று படித்துக்கொண்டிருக்கையில் அடுத்த பிட்ச் போய்விடும்.

கண்பட்டுவிடும் என்று மறைப்பது

பிட்சர் ஒரு ஹிட்டும் (பேட்டர் அடித்து பேஸை எட்டுவது) கொடுக்காமல் ஆடிக்கொண்டிருந்தால் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது வீரர்களிடையே உள்ள பழைய நம்பிக்கை. அதை வர்ணனையாளர் கடைப்பிடிப்பது கேட்பவரை ஏமாற்றுவதுதான். 1947 உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்தில் யாங்கீஸின் பில் பெவன்ஸ் அப்படி வீசிக்கொண்டிருந்தார். முதல் பாதியை வர்ணித்த மெல் ஆலன் அதைச் சொல்லாமல் தவிர்த்தார். பிறகு மைக்கைப் பிடித்த ரெட் பார்பர் உள்ளதை உள்ளபடி சொன்னார். ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆன நிலையில் குக்கி லாவஜெட்டோ அடித்த டபுள் (அடித்தவர் இரண்டாம் பேஸை எட்டும் ஹிட்), ஹிட் தராத சாதனையையும் கலைத்தது, டாட்ஜர்ஸுக்கு 3-2 வெற்றியையும் தந்தது. பார்பர்மீது பழி வந்தது. அவர் செய்ததே சரி, மைக்குக்கு ஹிட்டைத் தடுக்கும் சக்தியும் இல்லை, வரவழைக்கும் சக்தியும் இல்லை.

சொந்த அணிச் சார்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். "நம்ம பசங்க" என்பது சில நகரங்களின் வழக்கம், ரசிகர்களுக்கும் பிடிக்கும். எதிரணி அடிக்கும்போது குரல் செத்துப்போவதுதான் குறை. என்ன நடந்தது என்பதைக் குரலின் சோகத்திலிருந்து ஊகிக்கும் நிலைக்குக் கேட்பவரைத் தள்ளக் கூடாது.

தவறிய பிறகு செய்யும் தவறு

1960 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 9-9. பில் மசரோஸ்கியின் ஹோம் ரன்னில் பைரேட்ஸ் பட்டம் வென்றது. வானொலியில் அதை வர்ணித்த சக் தாம்சன், பிட்சர் ரால்ஃப் டெர்ரியை ஆர்ட் டிட்மார் என்றார். 10-9 என்ற ஸ்கோரை முதலில் 10-0 என்றார். பின்னாளில் திருத்திப் பதிவுசெய்யும் வாய்ப்பு வந்தும் அவர் மறுத்துவிட்டார். 1993-ல் பேஸ்பால் வர்ணனைக்கான உயரிய விருதான ஃபோர்டு ஃப்ரிக் விருது அவருக்குக் கிடைத்தது.

தவறு எல்லோருக்கும் வரும். ஒரே வாக்கியத்தில் திருத்திவிட்டு அடுத்த பிட்சுக்குப் போய்விடுங்கள். இரண்டு நிமிடம் மன்னிப்புக் கேட்டால் அதற்குள் இன்னும் இரண்டு தவறு சேரும். பெயர்க் குழப்பத்துக்கு மருந்து மேசையிலேயே இருக்கிறது: பிட்சர் மாறிய உடனே ஸ்கோர் அட்டையில் எழுதுவது, மாற்றுப் பிட்சர்கள் இருக்கும் புல்பென்னைப் பைனாகுலரில் பார்த்து, தயாராகிக்கொண்டிருப்பவரின் பெயரை அட்டையின் ஓரத்தில் தனியாகக் குறிப்பது. பிட்சருக்கு 1, கேட்ச்சருக்கு 2 என்று வலது அவுட்ஃபீல்டருக்கு 9 வரை போகும் எண்கள் கண்ணை மூடினாலும் வர வேண்டும். 6-4-3 (ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் பேஸ்மேன், முதல் பேஸ்மேன்) என்று கிறுக்கியிருந்தால் அரை மணி கழித்தும் அந்த டபுள் ப்ளேயை அப்படியே சொல்லலாம். ஸ்பானிஷ், ஜப்பானியப் பெயர்களின் உச்சரிப்பை ஆட்டத்துக்கு முன் அந்த வீரரிடமே கேட்டு, காதில் விழுந்தபடி எழுதிக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு ஒரு தொலைக்காட்சி போதும். ஒலியை அணைத்துவிட்டு மூன்று இன்னிங்ஸ் பேசிப் பதிவுசெய்யுங்கள். மறுநாள் படம் இல்லாமல், வெற்று ஸ்கோர் அட்டை ஒன்றோடு உட்கார்ந்து, உங்கள் குரலை மட்டும் கேட்டு அட்டையை நிரப்புங்கள். எந்தக் கட்டம் காலியாக நிற்கிறதோ, அங்கே நீங்கள் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள்.